தீர்ப்புக்குப் பிறகு யார் வருவார்?



கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். வீட்டில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நம் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் நடந்தது. தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் ஏழைகளுக்கு அமெரிக்காவில் சட்டக் கல்லூரி மாணவர்களே வழக்கு நடத்துகிறார்கள் என்று ஒருவர் செய்தி பகிர்ந்திருந்தார். கீழே வந்த பதில்களைப் பார்த்தேன். "குத்தம் நிரூபணம் ஆயிடுச்சு, தண்டனையும் குடுத்தாச்சு, அப்புறம் என்ன உதவி?" என்று ஒருவர். "படிக்கிற பசங்களுக்கு வேற வேலை இல்லையா சார்?" என்று இன்னொருவர். இரண்டு பேருமே என்னிடம் வரலாறு படித்தவர்கள். கோபத்தில் கேட்ட கேள்விதான், ஆனாலும் நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழைக்கு வக்கீல் தேவைப்படுவது தீர்ப்பு நாளோடு முடிவதில்லை. தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தேவை இன்னும் கூடுகிறது. ஆனால் அப்போதுதான் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் சட்ட மாணவர்களால் பெரிய வேலை செய்ய முடியும். நம் ஊர்ச் சட்டக் கல்லூரிகளும் இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் இருந்து தொடங்குகிறேன். இந்தப் பழக்கம் அங்கேதான் வேர்விட்டது. ஏன் வேர்விட்டது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது.

வகுப்பில் கிடியன் கதையைச் சொல்லியிருக்கிறேன். சிலருக்காவது நினைவிருக்கும். கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன், புளோரிடா மாநிலத்து ஏழை. 1961-ல் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருடினார் என்று வழக்கு. "எனக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை, ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்" என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கென்றால்தான் தர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். தானே வாதாடினார், தோற்றார். ஐந்து ஆண்டு சிறை. சிறையில் கொடுத்த தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963-ல் அந்த நீதிமன்றம், கடுங்குற்ற வழக்குகளில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறுவிசாரணை நடந்தது. இந்த முறை கிடியனுக்கு ஒரு வக்கீல் இருந்தார். ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த மனு எப்போது எழுதப்பட்டது? தண்டனை பெற்ற பிறகு. யார் எழுதியது? வக்கீல் இல்லாத ஒரு கைதி. "நிரூபணம் ஆயிடுச்சு, அப்புறம் என்ன" என்று அன்றைக்கு அந்த நீதிமன்றம் நினைத்திருந்தால், அந்த உரிமையே பிறந்திருக்காது.

சரி, உரிமை கிடைத்தது. எதுவரை? விசாரணைக்கும் முதல் மேல்முறையீட்டுக்கும். அதோடு கோடு போட்டுவிட்டார்கள். அதற்கு மேலே உள்ள நீதிமன்றங்களில் அனுமதி கேட்டுப் போகும் மேல்முறையீடுகளுக்கு அரசு வக்கீல் தர வேண்டியதில்லை என்று 1974-ல் தீர்ப்பு. மேல்முறையீடு எல்லாம் முடிந்தபின் "என் தண்டனையில் தவறு நடந்திருக்கிறது" என்று தனியாக மனுப் போடுபவர்களுக்கும் அந்த உரிமை இல்லை என்று 1987-ல் தீர்ப்பு. மரண தண்டனைக் கைதிகளுக்கும் அதே கதிதான் என்று 1989-ல் தீர்ப்பு. பிறகு சில மாநிலங்கள் தாமாகச் சட்டம் போட்டு வக்கீல் கொடுத்தன. ஆனால் அரசியல் சாசனம் தரும் உரிமை அந்தக் கோட்டோடு நின்றுபோனது.

கோட்டுக்கு அப்பால் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். படிப்பில்லை, பணமில்லை. குடும்பம் கைவிட்டிருக்கும். வழக்குக் கட்டு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. சாட்சி சொன்னவர் பத்து வருஷம் கழித்து "நான் பொய் சொன்னேன்" என்கிறார். புதிய பரிசோதனை முறை வந்திருக்கிறது. பழைய வக்கீல் தூங்கிவிட்டது இப்போதுதான் தெரிகிறது. இதெல்லாம் வெளிவருவது பெரும்பாலும் தீர்ப்புக்கு வெகுநாள் கழித்துத்தான். அந்தச் சமயத்தில்தான் அந்த மனிதருக்கு ஆளில்லை.

அந்த இடத்துக்குத்தான் மாணவர்கள் வந்தார்கள். மருத்துவக் கல்லூரியோடு ஓர் ஆஸ்பத்திரி இருப்பதுபோல் அங்கே பல சட்டக் கல்லூரிகளுக்குள் "கிளினிக்" என்ற பெயரில் ஒரு சட்ட அலுவலகம் இருக்கிறது. நிஜமான கட்சிக்காரர்கள், நிஜமான வழக்குகள். மாணவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசவும் மாநில நீதிமன்ற விதிகள் இடம் தருகின்றன. குறிப்பிட்ட காலம் சட்டம் படித்திருக்க வேண்டும். கட்சிக்காரர் சம்மதிக்க வேண்டும். உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவர் மேற்பார்வையிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். 1972-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன், ஏழைகளுக்கான வக்கீல் பற்றாக்குறையைத் தீர்ப்பதில் சட்ட மாணவர்கள் பெரும்பங்கு ஆற்ற முடியும் என்று ஒரு தீர்ப்பில் எழுதினார்.

1992-ல் நியூயார்க்கின் கார்டோசோ சட்டக் கல்லூரியில் பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் "இன்னசன்ஸ் புராஜெக்ட்" தொடங்கியது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். டி.என்.ஏ. பரிசோதனை மூலம் நிரபராதிகளை மீட்ட அமைப்பு. சினிமாவும் தொடரும் எடுக்கிற அளவுக்கு அந்தக் கதைகள் பிரபலம். நிரபராதி விடுதலையானால் யாரும் ஆட்சேபிக்க மாட்டோம். அதனால் அதை விட்டுவிட்டு, குழுவில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்குகளுக்கு வருகிறேன். குற்றம் செய்தது உண்மைதான் என்றால், அவருக்கும் உதவலாமா?

கலிபோர்னியாவில் 1994-ல் ஒரு சட்டம் வந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் மூன்று முறை பந்தைத் தவறவிட்டால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். அந்தக் கணக்கில், ஏற்கெனவே இரண்டு கடுங்குற்றம் செய்தவர் மூன்றாவதாக ஒரு குற்றம் செய்தால் குறைந்தது 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை. மூன்றாவது குற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடினார், 25 ஆண்டு முதல் ஆயுள். இன்னொருவர் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ கேசட் திருடினார், எல்லாம் சேர்த்து சுமார் 150 டாலர் விலை. இரண்டு திருட்டுக்கும் தனித்தனியாக, ஆக 50 ஆண்டு. இரண்டு வழக்குகளும் உச்ச நீதிமன்றம் போயின. 2003-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனைகள் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை. எல்லோரும் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 2006-ல் ஸ்டான்போர்டு சட்டக் கல்லூரியில் இந்தக் கைதிகளுக்காகவே ஒரு கிளினிக் தொடங்கினார்கள். ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் ஒவ்வொரு கைதியின் கட்டையும் எடுத்து முதல் தாளிலிருந்து படித்தார்கள். ஊர் ஊராகப் போய் உறவினர்களையும் பழைய அக்கம்பக்கத்தாரையும் தேடினார்கள். ஆஸ்பத்திரிக் காகிதம், பள்ளிக்கூடக் காகிதம் என்று சேகரித்தார்கள்.

வாகனத்தை இழுத்துச் செல்லும் லாரியிலிருந்து ஒரு ஜாக்கியைத் திருடியதற்காக 1997-ல் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் அவர்களிடம் வந்தார். அவருடைய பிள்ளைப்பருவம் முழுக்கக் கொடுமை. அதை விசாரணையின்போது யாரும் நீதிபதிக்குச் சொல்லவில்லை. மாணவர்கள் அதைத் தோண்டி எடுத்து மனுவில் வைத்தார்கள். 2009-ல் அவர் வெளியே வந்தார். அவர் ஜாக்கி திருடவில்லை என்று யாரும் வாதாடவில்லை. திருடினார். அதற்கு ஓர் ஆயுள் விலையா என்பதுதான் கேள்வி.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்த கதைகள் பொதுமக்கள் மனதையும் மாற்றின. 2012 நவம்பரில் கலிபோர்னியா மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. மூன்றாவது குற்றமும் கடுங்குற்றமாக இருந்தால்தான் ஆயுள் தண்டனை என்று சட்டத்தைத் திருத்த சுமார் 69 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அந்தத் திருத்தத்தை எழுதியதில் கிளினிக்கை நடத்திய ஆசிரியருக்குப் பங்குண்டு. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களும் மனுப் போடலாம் என்று அதில் இருந்தது. முதல் ஓராண்டுக்குள்ளாகவே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள்.

கோல்ஃப் மட்டை திருடியவருக்காக வாதாடுவதா என்று சிரிக்கலாம். அந்தச் சிரிப்பைத் தாண்டி உட்கார்ந்து படித்த மாணவர்களால்தான் ஒரு மாநிலத்தின் சட்டம் மாறியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்காவைவிடத் தாராளமானது. பெருமையாகவே சொல்லலாம். 1976-ல் அரசியல் சாசனத்தில் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: பணமில்லை என்பதால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும். 1978-ல் ஹோஸ்காட் வழக்கு. போலிப் பட்டச் சான்றிதழ் தயாரிக்க முயன்றதற்காக மூன்றாண்டு சிறைத் தண்டனை பெற்றவர் அவர். உயர்நீதிமன்றத் தீர்ப்பின் நகல் தன் கைக்கு வரவில்லை என்பதால் நான்காண்டு தாமதமாக உச்ச நீதிமன்றம் வந்தார். அதற்குள் தண்டனைக் காலமே முடிந்துவிட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அதே தீர்ப்பில், சிறைக்குப் போகிறவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாக, உரிய காலத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வசதியில்லாதவருக்கு வக்கீலும் தர வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார்.

பிறகு 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. அதன்படி காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. மேல்முறையீட்டுக்கும் உண்டு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் உண்டு.

சட்டம் இருக்கிறது. அது கைதியின் கைக்கு எட்டுகிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவர்களும் மாணவர்கள்தான். 2013-ல் தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மரண தண்டனைக் கைதிகளைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியது. அங்கே படித்த பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு சிறை சிறையாகப் போனார்கள். கைதிகளின் வீடுகளைத் தேடிக் கிராமங்களுக்கும் போனார்கள். அப்போது நாட்டில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த 385 பேரில் 373 பேர் ஆய்வில் இடம்பெற்றார்கள். 2016-ல் அறிக்கை வந்தது. நான்கில் மூன்று பங்குப் பேர் பொருளாதாரத்தில் மிகவும் நலிந்தவர்கள். உயர்நீதிமன்றத்தில் தங்களுக்காக வாதாடிய வக்கீலைப் பெரும்பாலோர் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. தூக்குக் கயிறு தலைக்கு மேல் தொங்குகிறது, தனக்காகப் பேசுபவரின் முகம் தெரியாது. இதை எனக்குப் படிக்கும்போதே கை நடுங்கியது.

அந்த ஆய்விலிருந்து பிறந்ததுதான் "புராஜெக்ட் 39ஏ". அரசியல் சாசனப் பிரிவின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஆய்வோடு நிற்காமல் வழக்குகளையும் எடுத்து நடத்தினார்கள். அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆசிரியர் வேலை பார்த்த யாரும் அதை மறக்க முடியாது.

1994 ஆகஸ்டில் புனே நகரில் ஒரு வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். பெண்களில் ஒருவர் கர்ப்பிணி. கொடூரமான குற்றம். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. கைதானவர்களில் ஒருவர் ராஜஸ்தான் மாநிலத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். பெரியவர் என்றே வழக்கு நடந்தது. 1998-ல் தூக்கு. 1999-ல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. 2000-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மறுசீராய்வு மனுவும் தள்ளுபடி. நம் குழுவின் பாஷையில் சொன்னால், எல்லாம் முடிந்துவிட்டது.

குற்றம் நடந்தபோது அவருக்கு என்ன வயது? இந்தக் கேள்விக்கு விடை பிகானேர் மாவட்டத்தில் ஜலப்சர் என்ற கிராமத்து அரசுப் பள்ளியில், சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தது. அதில் பெயர் கொஞ்சம் வேறு மாதிரி. வழக்கில் அவரை அழைத்த பெயர் ஒன்று, பள்ளியில் எழுதிய பெயர் இன்னொன்று. இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2018-ல் மனுப் போட்டார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் புனே மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொன்னது. பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1 என்று அறிக்கை வந்தது. 2023 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. குற்றம் நடந்த அன்று அவருக்குப் பன்னிரண்டரை வயது.

பன்னிரண்டரை வயது. நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு, அல்லது எட்டில் புதிதாகக் கால் வைத்திருக்கும் பையன். சிறார் நீதிச் சட்டப்படி அந்த வயதுப் பிள்ளைக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். அதில் ஏறக்குறைய 25 ஆண்டு தூக்குத் தண்டனைக் கைதியாக.

நீதிமன்றத்தில் எழுந்து வாதாடியவர்கள் வழக்கறிஞர்கள்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் தண்டனைக் கைதியின் வீடு தேடிப் போக வேண்டும், அவர் கதையை முதலிலிருந்து கேட்க வேண்டும், பள்ளிக்கூடத்துப் பழைய காகிதம் வரை தேட வேண்டும் என்ற வேலை முறை ஒரு சட்டக் கல்லூரியில் வளர்ந்தது. மூன்று நீதிமன்றப் படிகளில் யார் கண்ணிலும் படாத ஒரு தாள், தேட நேரம் இருந்தவர்களிடம் கிடைத்தது.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களே, அந்தப் பதிவேட்டை நாம் எத்தனை முறை எழுதியிருப்போம்? ஜூன் மாதத்தில் வரிசையில் நிற்கும் பெற்றோரிடம் பெயர் கேட்டு, பிறந்த தேதி கேட்டு, அங்க அடையாளம் பார்த்து எழுதுவோம். அது ஒரு மனிதனின் உயிரைக் காக்கும் ஆவணமாக ஒருநாள் நிற்கும் என்று யார் நினைத்தோம்? சிறார் நீதிச் சட்டத்தில் வயதுக்கு முதல் சான்றே பள்ளிச் சான்றும் மெட்ரிகுலேஷன் சான்றும்தான். அதற்குப் பிறகே உள்ளாட்சிப் பிறப்புச் சான்று, கடைசியாக எலும்புப் பரிசோதனை. "நான் அப்போது சிறுவன்" என்ற கோரிக்கையை எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எழுப்ப ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

முதல் ஆட்சேபணை: தீர்ப்பு வந்தாயிற்று, மறுபடி எதற்குக் கிளறுவது? நம் வீட்டுப் பிள்ளைக்குப் பிளஸ் டூவில் நாலு மதிப்பெண் குறைந்தால் என்ன செய்கிறோம்? விடைத்தாள் நகல் வாங்குகிறோம், மறுகூட்டல் போடுகிறோம், மறுமதிப்பீடு போடுகிறோம். திருத்தியவர் கெட்டவர் என்று நாம் நினைப்பதில்லை. மனிதர் திருத்தியது, தவறு வரலாம் என்று நினைக்கிறோம். தீர்ப்பும் மனிதர் எழுதுவதுதான். நாலு மதிப்பெண்ணுக்கு உள்ள வழி, நாற்பது வருஷ வாழ்க்கைக்கு வேண்டாமா?

இரண்டாவது: பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் யார் இருப்பது? இது கனமான கேள்வி. புனேயில் இறந்த அந்த ஏழு பேரின் உறவுகளுக்கு 2023 தீர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்கக்கூட முடியாது. அவர்களுக்கு ஆறுதலும் ஆதரவும் தருவது அரசின் கடமை, சமூகத்தின் கடமை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தவறாகப் பெரியவர் என்று எழுதித் தூக்குக்கு அனுப்புவது அந்தக் கடமையைத் தீர்த்துவிடாது. தவறான ஆள் உள்ளே இருக்கும் வழக்குகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே உண்மையான குற்றவாளி வெளியே இருக்கிறான்.

மூன்றாவதுதான் எனக்கே அதிகம் யோசனை தந்தது. மாணவன் தொழில் பழக ஏழையா கிடைத்தான்? பணக்காரனுக்கு மூத்த வழக்கறிஞர், ஏழைக்கு அரைகுறைப் படிப்புப் பையனா? இதில் உண்மை இருக்கிறது. மாணவர் செமஸ்டர் முடிந்ததும் போய்விடுவார். கைதி அங்கேயே இருப்பார். போகிற மாணவர் கட்டை ஒழுங்காக ஒப்படைக்காவிட்டால், கெடு தேதி ஒன்றைத் தவறவிட்டால், அந்த நம்பிக்கையும் செத்துவிடும். அமர்வு நீதிமன்றத் தண்டனைக்கு எதிராக உயர்நீதிமன்றம் போக 60 நாள்தான். மரண தண்டனையென்றால் 30 நாள். அதனால்தான் மேற்பார்வை இல்லாமல் இதைச் செய்யவே கூடாது என்கிறேன்.

ஆனால் அரசு ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். அங்கே நம்மை முதலில் பார்ப்பது பயிற்சி மருத்துவர்தான். பெரிய டாக்டர் வருவதற்குள் நம் பழைய சீட்டையெல்லாம் புரட்டி, கேள்வி கேட்டு, எழுதிவைப்பவர் அவர். பெரிய டாக்டருக்கு இரண்டு நிமிடம், பயிற்சி மருத்துவருக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் பல உயிர் பிழைத்திருக்கிறது. இலவச சட்ட உதவிப் பட்டியலில் உள்ள ஒரு வக்கீலின் மேசையில் எத்தனை கட்டுகள் இருக்கும்? மாணவரிடம் அந்தப் பருவம் முழுக்க ஒன்றிரண்டு கட்டுதான். அவர் வக்கீலின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. வக்கீலால் முடியாத அளவுக்குப் படித்துத் தந்தால் போதும்.

நம் நாட்டில் மாணவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு செய்த வழக்கறிஞருக்குத்தான் அந்த உரிமை. அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பதிவு செய்யாத ஒருவரைக் குறிப்பிட்ட வழக்கில் பேச நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அதை மாணவர்களுக்கு முறையாகத் திறந்துவிடும் விதி வர வேண்டும் என்பது என் ஆசை. வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாதாடுவது வழக்கின் கடைசி அரைமணி நேரம். அதற்கு முந்தைய மாதங்களின் வேலையை இன்றைக்கே மாணவர்கள் செய்யலாம்.

ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும், மூத்த ஆசிரியர் மேற்பார்வையில் இறுதியாண்டு மாணவர்கள் அதை நடத்த வேண்டும் என்று பார் கவுன்சிலின் 2008 விதிகளே சொல்கின்றன. நம் உறவிலேயே பேத்தி முறை ஒருத்தி சட்டம் படிக்கிறாள். "உங்க காலேஜ்ல அந்த மையம் என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். "போர்டு இருக்கு தாத்தா. கமிட்டி இன்ஸ்பெக்‌ஷன் வர்றப்போ கோலம் கூடப் போடுவாங்க" என்றாள். எல்லாக் கல்லூரியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நன்றாகச் செய்பவர்களும் இருப்பார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் கிராமத்தில் ஒரு விழிப்புணர்வு முகாம், ஒரு குரூப் போட்டோ என்ற அளவில் நின்றுவிடுகிறது.

நம் மாநில வரைபடத்தை ஒருமுறை மனதில் விரித்துப் பாருங்கள். மதுரையில் மத்திய சிறை இருக்கிறது, அரசு சட்டக் கல்லூரியும் இருக்கிறது. கோவையில் இரண்டும் உண்டு. திருச்சியில் இரண்டும் உண்டு. வேலூரில் உண்டு. திருநெல்வேலியில் சட்டக் கல்லூரி, பக்கத்திலேயே பாளையங்கோட்டை மத்திய சிறை. டவுன் பஸ் தூரம். ஒரு பக்கம் வழக்கு தேடும் பிள்ளைகள், மறுபக்கம் ஆள் தேடும் கைதிகள். நடுவில் ஒரு பாலம் போட வேண்டியதுதான் பாக்கி.

பாலம் எப்படி? முழுநேரச் சம்பளம் வாங்கும் சட்ட ஆசிரியர் வக்கீல் தொழில் செய்ய முடியாது என்பது இங்குள்ள பொதுவிதி. அமெரிக்கக் கிளினிக் ஆசிரியர்போல் அவரே வக்காலத்து போட முடியாது. அதனால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் ஒருவர், கல்லூரி ஆசிரியர் ஒருவர், மாணவர் நான்கு பேர் என்று ஒரு குழு அமைக்கலாம். அவர்கள் செய்ய வேண்டியது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை.

தண்டனை பெற்றுப் புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் மேல்முறையீடு போட்டாயிற்றா என்று கேட்க வேண்டும். தீர்ப்பு நகல் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவருக்குப் புரியும் தமிழில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். உயர்நீதிமன்றத்தில் நடப்பது ஆங்கிலத்தில். தன்னை ஏன் தண்டித்தார்கள் என்பதே தெரியாமல் உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய தனிமை! பிறகு வீட்டைத் தேடிப் போய் ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிச் சான்று என்று சேகரிக்க வேண்டும். சாட்சிகளின் வாக்குமூலத்தை வரிக்கு வரி படித்து முரண்பாடுகளைப் பட்டியல் போட வேண்டும். தேதிகளை ஒரு பதிவேட்டில் எழுதி, அடுத்த ஆண்டு மாணவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். இதற்கு மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத பாடத்தை நம் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

இதில் மாணவருக்கு என்ன கிடைக்கும்? புத்தகத்தில் இருக்கும் வழக்கில் உண்மைகள் அழகாகச் சுருக்கித் தரப்பட்டிருக்கும். நிஜக் கட்டில் காபி கறை இருக்கும், பக்கம் காணாமல் போயிருக்கும், கைதி பாதி மறைப்பார், அம்மா அழுவார். அதிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கக் கற்றவர் நாளைக்கு நல்ல வக்கீலாவார். அவரே அரசு வழக்கறிஞரானால் பொய் வழக்கைக் கண்டுபிடிப்பார். நீதிபதியானால் தண்டனை எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்துவார். அந்த ஒரு நிமிடம் நம் எல்லோருக்கும் பாதுகாப்பு.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள்.

வக்கீலாக இருக்கும் என் மாணவர்களே, உங்களில் எட்டுப் பத்துப் பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். வருஷத்துக்கு ஒரே ஒரு சிறை மேல்முறையீட்டை இலவசமாக எடுங்கள். எடுக்கும்போது இரண்டு சட்ட மாணவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியராக இருப்பவர்களே, பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய பதிவைக் கேட்டு யாராவது வந்தால் "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லாமல் அலமாரியைத் திறந்து பாருங்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

உறவுகளே, உங்களுக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்திலாவது ஒருவர் தண்டனை பெற்று உள்ளே இருந்தால், மேல்முறையீட்டுக்குப் பணமில்லை என்று அவர்கள் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தால், தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணைச் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை, யாரும் போடுகிற பிச்சை இல்லை. நாள் கடந்திருந்தாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போட வழி உண்டு.

சட்டம் படிக்கிற பிள்ளைகளே, உங்கள் கல்லூரியில் அந்தப் பலகைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறதா, அதில் ஒரு கட்டாவது இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் முதல்வரிடம் மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

குழுவில் கேள்வி கேட்ட இரண்டு பேருக்கும் நன்றி. நீங்கள் கேட்காவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன். இன்னும் உடன்பாடில்லை என்றால் கீழே எழுதுங்கள். வகுப்பில் எதிர்த்துப் பேசியவனை நான் வெளியே அனுப்பியதில்லை. கண் மருத்துவர் ராத்திரியில் போன் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால் நாளைக் காலை நடைப்பயிற்சி முடித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்